டேப் ஒரு ரிஜிஸ்டரில், டிரைவ் இன்னொரு ரிஜிஸ்டரில்

அறுபது வருடத்துக்கு முந்தைய கம்ப்யூட்டரைப் பழுதுபார்த்து ஓட வைக்கிறவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், "வேலையில்லாதவன் வேலை" என்று சொல்கிறவர்கள் நம் வயதுக்காரர்களில்தான் அதிகம். காலை நடைக்குப் பிறகு காப்பி குடிக்க உட்காரும் எங்கள் குழுவிலும் அப்படித்தான். சட்டைப் பையில் இருக்கும் போனே அந்தக் கம்ப்யூட்டரைவிடப் பல ஆயிரம் மடங்கு வேகம், அதைத் துடைத்து எண்ணெய் போட்டு என்ன ஆகப்போகிறது என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. காப்பிக் கடையில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று. பழசு என்பதாலேயே எதையும் கட்டிக்கொண்டு அழுகிற ஆள் இல்லை நான். என் வீட்டுப் பழைய 386 கம்ப்யூட்டரை எடைக்குப் போட்டபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதில் இருந்ததையெல்லாம் வேறு இடத்துக்கு மாற்றியாகிவிட்டது, போட்டேன். ஒரு இயந்திரம் போனால் கூடவே வேறு எதுவும் போகிறதா என்பதுதான் கேள்வி.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 1881-ஆம் வருட தெக்ரேயின்படி ரெனோன்சியாசியோன் செய்து, பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்பட்டு, புதிதாகக் குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டவர்களின் பத்திரங்கள் இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. எத்தா சிவில் பதிவேடுகளில் கொள்ளுத்தாத்தாவின் பிறப்பைத் தேடிப் பிடித்து, அதை வைத்துப் பேரன் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்கிறான். நூற்று நாற்பது வருடத்துக் காகிதம். ஓரத்தில் பூச்சி அரித்திருக்கும், மை பழுப்பேறியிருக்கும். ஆனால் கண்ணும் கொஞ்சம் பிரெஞ்சும் இருந்தால் போதும். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பதால், சர்வீஸில் இருந்த காலம் முழுக்க பக்கத்து செக்ஷன்காரர்கள் பழைய பத்திரத்தோடு என் மேஜைக்கு வருவார்கள். "சார், இந்தக் கையெழுத்து கொஞ்சம் பாருங்கள்." படித்துச் சொல்வேன்.

அதே நான் 1987-இல் பதிவான ஒரு டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு திரு திருவென்று விழித்திருக்கிறேன்.

நான் வேலை பார்த்த அலுவலகம் ஒன்றில், எண்பதுகளின் நடுவில், ஒரு கம்ப்யூட்டர் அறை வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பிரெஞ்சில் கம்ப்யூட்டருக்கு ஒர்தினாத்தர் என்று பெயர். 1955-இல் ஐபிஎம் பிரான்ஸ் தன் இயந்திரத்துக்கு ஒரு பெயர் கேட்டபோது, ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் எடுத்துக் கொடுத்த சொல். உலகத்தை ஒழுங்குபடுத்துகிற கடவுளுக்குப் பழைய நூல்களில் வழங்கிய சொல் அது. எங்கள் அறையில் செருப்புக்கு இடம் இல்லாதது பொருத்தமாகத்தான் இருந்தது. தூசு வராமல் இருக்க என்று அவர்கள் சொன்னார்கள்.

அந்த அறையில் ஆளுயரத்தில் இரண்டு டேப் டிரைவ்கள் நின்றன. டேப் அரை அங்குல அகலம், 2400 அடி நீளம், பத்தரை அங்குலச் சுருள். டேப்பைப் படிக்கும் ஹெட்டுக்கு முன்னால் அது ஓடுவதும் நிற்பதும் கண் சிமிட்டும் நேரத்துக்குள் நடக்கவேண்டும். கனமான சுருளால் அவ்வளவு சீக்கிரம் சுழலவும் முடியாது, நிற்கவும் முடியாது. அதனால் இரண்டு பக்கமும் நீளமான கண்ணாடிக் குழி வைத்து, அடியிலிருந்து காற்றை உறிஞ்சி, டேப்பை வளையமாகத் தொங்க விட்டிருப்பார்கள். கிணற்றுக் கயிற்றில் கொஞ்சம் தளர்வு விட்டுக்கொள்வது மாதிரி. ஹெட் தனக்கு வேண்டியதை அந்தத் தளர்விலிருந்து இழுத்துக்கொள்ளும், சுருள் பிறகு நிதானமாக வந்து சரிசெய்யும். சினிமாவில் கம்ப்யூட்டர் என்றால் இந்தச் சுருள்கள் முன்னும் பின்னும் துடிப்பதைத்தான் காட்டுவார்கள். பார்க்க அழகுதான்.

ஆபரேட்டர் பையன் ஒருவன் தினமும் காலையில் பஞ்சை ஆல்கஹாலில் நனைத்து ஹெட்டைத் துடைப்பான். டேப்பிலிருந்து உதிர்ந்த பழுப்புத் தூள் பஞ்சில் ஒட்டி வரும். சுருளின் பின்புறம் ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டினால்தான் அதில் எழுத முடியும். வளையத்தைக் கழற்றிவிட்டால் படிக்க மட்டும்தான். இது எழுதிவைத்த விதி இல்லை, கையோடு பழகிய விஷயம். எங்கள் அலுவலகத்தின் சம்பளப் பட்டியல், பி.எஃப். கணக்கு எல்லாம் மாதாமாதம் அந்தச் சுருள்களில் ஏறியது.

சில வருடங்களில் புது கம்ப்யூட்டர்கள் வந்தன. பழையதைக் கண்டம் செய்ய கமிட்டி போட்டார்கள். டிரைவ் ஏலத்தில் போனது, இரும்பு விலைக்கு. டேப்புகள் போகவில்லை. டேப் 'ரிக்கார்டு' ஆயிற்றே! ரிக்கார்டை அழிக்க வேறு அனுமதி வேண்டும், அதற்கு வேறு காலக்கெடு உண்டு. ஆக, சுருள்கள் ஒரு ஸ்டீல் பீரோவில் பத்திரமாக அடுக்கப்பட்டன. டிரைவை விற்குமுன் டேப்பில் இருப்பதை எடுத்துவிடலாமே என்று நான் ஒரு குறிப்பு எழுதி வைத்தேன். "பார்த்தேன்" என்று கையெழுத்தாகித் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மார்ச் மாதமும் ஸ்டாக் சரிபார்ப்பு நடக்கும். பீரோவைத் திறந்து சுருள்களை எண்ணி, "இருப்பு சரி" என்று எழுதுவோம்.

இதில் யாரும் விதியை மீறவில்லை. அதுதான் என்னை இன்றுவரை உறுத்துகிறது. டேப் ரிக்கார்டு ரிஜிஸ்டரில் இருக்கிறது. டிரைவ் ஸ்டாக் ரிஜிஸ்டரில் இருக்கிறது. அதை ஓட்டத் தெரிந்த பையனின் பெயர் எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்ஷனில் சர்வீஸ் ரிஜிஸ்டரில் இருக்கிறது. மூன்றும் மூன்று செக்ஷன், மூன்று சூப்பிரண்டு. டேப்புக்கு ஒரு ஆயுள், டிரைவுக்கு ஒரு ஆயுள், பையனுக்கு டிரான்ஸ்பர். மூன்றும் சேர்ந்தால்தான் ஒரு எழுத்தாவது படிக்க முடியும் என்று எந்த ரிஜிஸ்டரிலும் எழுதியில்லை.

இது நம் ஊர் அலுவலகத்துச் சங்கதி மட்டும் என்று நினைக்கவேண்டாம். நாசாவிலும் இதே கதைதான்.

1966, 67-இல் அமெரிக்கா லூனார் ஆர்பிட்டர் என்ற ஐந்து விண்கலங்களை நிலவுக்கு அனுப்பியது. அப்போலோ எங்கே இறங்கலாம் என்று படம் எடுத்துப் பார்க்க. விண்கலத்துக்குள்ளேயே பிலிமைக் கழுவி, ஸ்கேன் செய்து, ரேடியோ சிக்னலாகப் பூமிக்கு அனுப்பினார்கள். இங்கே அது பெரிய டேப்புகளில் பதிவானது. அன்றைக்கு அச்சில் வந்த படங்களைவிட அந்த டேப்பில் இருந்த விவரம் அதிகம். வேலை முடிந்ததும் சுமார் 1500 சுருள்கள் கிடங்குக்குப் போயின. 1980-களில் அவற்றைக் கழித்துவிடலாமா என்ற கேள்வி வந்தது. கலிபோர்னியாவில் நாசாவின் ஜேபிஎல் ஆய்வுக்கூடத்தில் ஆவணப் பொறுப்பில் இருந்த நான்ஸி எவன்ஸ் என்ற அம்மாளுக்கு மனம் ஒப்பவில்லை, கூடாது என்று நின்றார்.

அவர் அதோடு விட்டிருந்தால் நம் ஸ்டீல் பீரோ கதைதான். அந்த டேப்பைப் படிக்கக்கூடிய ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 என்ற ரகத்தையும் அவர் தேடினார். விமானப்படை கழித்துப் போட்ட டிரைவ்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் பெரிய பிரிட்ஜ் அளவு, தூக்கவே நாலு ஆள் வேண்டும். வைக்க இடம் இல்லை. தன் வீட்டு கராஜில் வைத்துக்கொண்டார். ஓய்வுபெற்ற பிறகும் அங்கேயே இருந்தன, சுமார் இருபது வருடம். சரிசெய்யப் பணம் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை.

2007 வாக்கில் டென்னிஸ் விங்கோ, கீத் கவிங் என்ற இருவர் விஷயம் கேள்விப்பட்டு வந்தார்கள். டேப்பையும் டிரைவையும் லாரியில் ஏற்றி நாசாவின் ஏம்ஸ் மையத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே காலியாகக் கிடந்த ஒரு மெக்டொனால்ட்ஸ் கடைதான் அவர்களுக்குப் பட்டறை. நான்கு டிரைவின் பாகங்களைச் சேர்த்து ஒன்றை ஓட வைத்தார்கள். அந்த ரகத்தில் கை பழகிய பழைய ஆட்களைத் தேடிப் பிடித்து உதவி கேட்டார்கள். 2008 நவம்பரில் முதல் படம் வந்தது. 1966 ஆகஸ்டில் நிலவின் விளிம்புக்கு மேலே பூமி தெரிவதாக எடுத்த படம். அன்று பத்திரிகைகளில் கரகரவென்று வந்த அதே படம், இப்போது மேகம் தனியாக, மேடு பள்ளம் தனியாகத் தெரிகிறது.

அதே நாசாவின் இன்னொரு கதை. 1969-இல் மனிதன் நிலவில் இறங்கியதை நாமெல்லாம் மங்கலாகத்தான் பார்த்தோம், அதுவும் பின்னால் செய்திப்படத்தில். நிலவிலிருந்து வந்த மூல சிக்னல் அதைவிடத் தெளிவானது, தனியாக டேப்பில் பதிவாகியிருந்தது. அதைத் தேடு தேடு என்று தேடி, 2009-இல் நாசாவே அறிக்கை வெளியிட்டது: டேப் தட்டுப்பாடு வந்தபோது அவை அழிக்கப்பட்டு, மேலே வேறு விஷயம் பதிவு செய்யப்பட்டிருக்கவேண்டும். சிக்கனம்! எந்த ஆடிட்டும் இதை ஆட்சேபித்திருக்காது. ஆனால் இந்த டேப்புகளுக்கு ஒரு நான்ஸி எவன்ஸ் இல்லை.

"சரி, டேப்பில் இருப்பதைக் காப்பி எடுத்துக்கொண்டு டிரைவைத் தூக்கிப் போடலாமே, தாத்தா" என்கிறான் என் பேரன். தாராளமாகப் போடலாம். ஆனால் காப்பி எடுக்க ஒரு டிரைவ் ஓடவேண்டுமே! பல வருடம் சும்மா கிடந்த டிரைவில் சுவிட்சைப் போட்டதும் வேலை நடக்கும் என்று நினைக்கிறவர்கள் பழைய ரேடியோவைக்கூடத் திறந்து பார்க்காதவர்கள்.

பவர் சப்ளையில் இருக்கும் மின்தேக்கிகள் நீண்ட நாள் கிடந்தால் வீரியம் இழந்துவிடும். நேராக மின்சாரம் கொடுத்தால் புகைந்து, கூட இருப்பதையும் கெடுக்கும். மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். காய்ச்சலில் கிடந்தவனுக்கு முதலில் கஞ்சி, அப்புறம்தான் சோறு. அடுத்தது ரப்பர். டேப்பைப் பிடித்து நகர்த்தும் உருளைகள் காலப்போக்கில் இளகித் தார் மாதிரி ஆகிவிடும். பழைய கோப்புக் கட்டில் போட்ட ரப்பர் பேண்டு உருகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதே ரப்பர்தான். அந்த உருளை மூல டேப்பைத் தொட்டால் டேப் தொலைந்தது. புதிதாக ரப்பர் வார்த்துக் கடைந்து போடவேண்டும்.

டேப்புக்கும் நோய் உண்டு. காந்தத் தூளைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துப் போகும். எழுபது எண்பதுகளில் செய்த பல டேப்புகளுக்கு இந்த வியாதி இருக்கிறது. ஓட்டினால் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு தூள் பெயர்ந்து வரும், எழுத்தும் அதோடு வரும். இதற்கு வைத்தியம், டேப்பை ஐம்பது ஐம்பத்தைந்து டிகிரிச் சூட்டில் மணிக்கணக்காக வாட்டி எடுப்பது. நம்ப மாட்டீர்கள், ஆனால் அதுதான் முறை. குணம் சில வாரம்தான் நிற்கும். அதற்குள் படித்துவிடவேண்டும். நம் ஊர் கடல் காற்றில் கிடந்த சுருள்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்து மட்டும் செய்துவிட முடியாது. கலிபோர்னியாவில் மவுன்டன் வியூ என்ற ஊரில் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் இருக்கிறது. அங்கே 1959-இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய 1401 கம்ப்யூட்டரை, டேப் டிரைவ், கார்டு ரீடர், நிமிடத்துக்கு 600 வரி அடிக்கும் பிரின்டர் எல்லாவற்றோடும் மீட்டு ஓட்டிக் காட்டுகிறார்கள். மீட்டவர்களில் பெரும்பாலோர் ஓய்வுபெற்றவர்கள். இளம் வயதில் அதே இயந்திரங்களைக் கைப்பெட்டியோடு போய்ச் சரிசெய்தவர்கள். முதல் இயந்திரம் ஜெர்மனியிலிருந்து வந்தது. அது நம் ஊர் மாதிரி 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓடுவது, அமெரிக்காவில் 60. அதற்காகவே தனியாக ஒரு மாற்றி வைத்து ஓட்டினார்கள். டிரான்ஸிஸ்டர் ஒவ்வொன்றாகச் சோதித்து, கம்பி துருப்பிடித்ததை மாற்றி, வருடக்கணக்கில் உழைத்திருக்கிறார்கள்.

1401-க்கும் பிரான்சுக்கும் ஒரு உறவு உண்டு. பிரெஞ்சு புல் கம்பெனியின் காமா 3 என்ற இயந்திரம் 1952-இல் வந்து ஐரோப்பாவில் ஐபிஎம்முக்குப் போட்டியானது. அதைச் சமாளிக்க பிரான்ஸ், ஜெர்மனி ஐபிஎம் பொறியாளர்கள் ஆரம்பித்த யோசனைதான் சுற்றிச் சுற்றி அமெரிக்காவில் 1401 ஆயிற்று. நமக்கும் உறவு உண்டு. நம் ரயில்வே மண்டலங்களில் சம்பளமும் சரக்குக் கணக்கும் போட்டது இந்த 1401-தான். 1978-இல் ஐபிஎம் இந்தியாவை விட்டுப் போனபோது, அவர்கள் விட்டுப்போன இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு அரசு நிறுவனமான சிஎம்சிக்கு வந்தது. செய்த கம்பெனி ஊரில் இல்லாமலே நம் ஆட்கள் அவற்றை ஓட்டினார்கள். இதைப் பற்றி நாம் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை. கம்ப்யூட்டர் என்றாலே புதிதாக வருவதைத்தான் பேசுகிறோம், பழையதை நிற்காமல் ஓட்டியவனை யாரும் கேட்பதில்லை.

இது முடிந்துபோன காலத்துக் கவலை என்று சொல்லவும் வழியில்லை. டேப் இன்னும் போகவில்லை. பெரிய நிறுவனங்கள் இன்றும் எல்டிஓ என்ற டேப்பில்தான் காப்பு எடுத்து வைக்கின்றன. அது 2000-இல் வந்தது, சில வருடத்துக்கு ஒரு புதுத் தலைமுறை. 2017-இல் வந்த எட்டாம் தலைமுறை டிரைவ், ஏழையும் எட்டையும்தான் படிக்கும். ஆறாம் தலைமுறை டேப்பைப் போட்டால் படிக்காது. அதாவது இன்றைக்கும் எங்கோ ஒரு அலுவலகத்தில் டிரைவ் கண்டம் ஆகிக்கொண்டிருக்கிறது, டேப் பீரோவுக்குள் போய்க்கொண்டிருக்கிறது.

எல்லா அலுவலகமும் மியூசியம் வைக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதற்குக் கட்டடமும் பணமும் வேண்டும், கேட்டால் கோப்பு பத்து வருடம் சுற்றும். பணமே இல்லாமல் செய்யக்கூடிய ஒன்று உண்டு. கண்டம் செய்யும் படிவத்தில் ஒரு கலம் சேர்க்கவேண்டும். "இந்த இயந்திரத்தில் மட்டுமே படிக்கக்கூடிய பதிவு ஏதேனும் அலுவலகத்தில் உண்டா? உண்டெனில் நகல் எடுத்து, அந்த நகலைப் படித்துச் சரிபார்த்தாயிற்றா?" கையெழுத்து ஸ்டோர் சூப்பிரண்டுடையதாக இருக்கக்கூடாது, ரிக்கார்டு செக்ஷனுடையதாக இருக்கவேண்டும். அந்தக் கலம் நிரம்பாமல் ஏலம் இல்லை. குமாஸ்தாவாக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் சொல்கிறேன், நம் அலுவலகங்களில் படிவத்தில் இருப்பது எப்படியும் நடக்கும், குறிப்பில் எழுதுவது நடக்காது.

ஓடுகிற டிரைவ் ஒவ்வொரு ரகத்திலும் ஒன்றாவது ஏதாவது ஒரு ஆவணக் காப்பகத்தில் இருக்கவேண்டும். மாதம் ஒரு முறையாவது அதை ஓட்ட ஒருவர் வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் பூ வைத்த மாதிரி நிறுத்திவைத்தால் ரப்பர் உருகத்தான் செய்யும். அந்த ஒருவர், டேப் டிரைவைக் கையால் தொட்டுப் பழகிய நம் வயதுக்காரராக இருந்தால் நல்லது. பக்கத்தில் இரண்டு இளைஞர்களை நிறுத்திக்கொண்டு அவர் செய்யட்டும். நமக்கு நேரம் அதிகம் இல்லை என்பதை நான் சொல்லத் தேவையில்லை, எங்கள் காப்பிக் குழுவிலேயே இந்த வருடம் இரண்டு நாற்காலி காலி.

இதைப் படிப்பவர்களில் ரயில்வேயிலோ, சிஎம்சியிலோ, எந்த அலுவலகக் கம்ப்யூட்டர் அறையிலோ வேலை பார்த்தவர்கள் இருந்தால் ஒரு வேண்டுகோள். பரண் மேல் சர்க்யூட் மேனுவல், ஹெட் சரிபார்க்கும் டேப், உதிரிப் பாகம் ஏதாவது கிடக்கலாம். பேப்பர்காரனுக்குப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். நீங்கள் ஓட்டிய இயந்திரத்தின் பெயர், அதில் அடிக்கடி எது கெடும், எப்படிச் சரிசெய்வீர்கள் என்பதையும் எழுதுங்கள். கையெழுத்தில் அனுப்பினாலும் சரி, நான் டைப் செய்துகொள்கிறேன்.